டீச்சர் சொல்ற கதையில அம்மா

நாலு பேரும் இதைப் பொறுமையாப் படிங்கடி. போன்ல அடிக்கிறேன், தப்பு நிறைய இருக்கும். மலையாளத்துல எழுதினா எனக்குச் சீக்கிரம் வரும், உங்களுக்கும் சுலபம், நாம அஞ்சு பேரும் படிச்சது அதுலதானே. ஆனா இதுல அம்மா பேசுது. அம்மா மலையாளத்துல பேசினா வேற யாரோ மாதிரி இருக்கு. அதனால தமிழ். எழுத்துக் கூட்டிப் படிங்க, அவசரமில்ல.

ஞாயித்துக்கிழமை கணக்கு டீச்சருக்கு செண்டாஃப். நம்ம பேட்ச் சார்புல ரெண்டு வார்த்தை நன்றி சொல்ல என் பேரைக் குடுத்திருக்கீங்க. நம்ம அஞ்சு பேர்ல பத்தாங்கிளாஸோட நின்னவ நான் ஒருத்திதான். நீங்க எல்லாம் மேல படிச்சவங்க, ஒருத்தி இடப்பள்ளியில பெரிய கடையில சூப்பர்வைசர். என்னை ஏன் விடறீங்கன்னு கேட்டதுக்கு, அந்தக் கம்பம் கதைய நீ சொன்னாத்தான் எடுபடும், எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொன்னீங்க.

ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பரிட்சைக்கு முன்னால ஒரு அம்மா தன் மகளை ஒளிச்சு வச்சுட்டு, அவ ஊருக்குப் போயிட்டா, மாமனுக்குக் கட்டிக் குடுக்கப் போறோம்னு பொய் சொல்லுச்சு. டீச்சரும் பி.டி. மாஷும் பஸ் ஏறி கம்பம் வரைக்கும் அவளைத் தேடிப் போனாங்க. பொண்ணு இங்க மட்டாஞ்சேரியிலயே இருந்தா. அந்தக் கதையில டீச்சர் நல்லவங்க, மாஷ் நல்லவரு, நான் பாவம். அம்மா மட்டும் கெட்டவ.

அம்மா போயி நாப்பது நாளாச்சு. டீச்சருக்கு நன்றி சொல்லணும், அதுல வேற பேச்சில்ல. ஆனா அந்தக் கதைய அப்படியே மேடையில சொல்ல எனக்கு வாய் வராது. நடந்தது அப்படி இல்ல. உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

அந்த வருஷம் நம்ம லைன் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கோடவுனுக்குப் பின்னால எட்டு ரூம், எட்டு ரூமுக்கும் ஒரே பைப். ஜூ டவுன் யூதத் தெருவுக்குப் போற வெள்ளைக்காரங்க வழி தப்பி உள்ள வந்து, முத்தத்துல காயப்போட்ட சுக்கைப் போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் காய வச்ச வெள்ளைச் சுக்கு. அதைச் சாக்குல போட்டுத் தேய்ச்சு, சல்லடையில சலிச்சு, முழுசு வேற உடைஞ்சது வேறன்னு பிரிக்கணும். அம்மா பகல் முழுக்க கோடவுன்ல அதைச் செஞ்சுட்டு, மிச்சத்தை ரூமுக்குக் கொண்டு வரும். ஸ்கூல் விட்டு வந்து நானும் உக்காருவேன். தேய்க்கத் தேய்க்க சுண்ணாம்பு புகை மாதிரி எந்திரிக்கும். புருவம், காது மடல், தலைமுடி எல்லாம் வெள்ளை. சந்துல திரியற ஆடுங்க பக்கத்துல வந்து நின்னு தும்மும். இருபத்தஞ்சு வயசுல கிழவி மாதிரி பழங்கதை பேசறேன்னு நினைப்பீங்க. பதினஞ்சு வயசுலயே சாயங்காலம் ஆனா நான் கிழவி மாதிரிதான் இருந்தேன்.

எத்தனை குளிச்சாலும் அந்த வாசம் போகாது. நாம அஞ்சு பேரும் கடைசி பெஞ்சுல ஒட்டி உக்காந்தா முன் பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்துவா. டீச்சர் ஒரு நாள் அதைப் பாத்துட்டு, 'எந்தா, ஜலதோஷமா? அவங்க பக்கத்துல போயி உக்காரு, சுக்கு வாசத்துல சரியாயிடும்'னு சொன்னாங்க. நிஜமாவே அவளை ஒரு வாரம் நம்ம பெஞ்சுல உக்கார வச்சாங்க. அந்த ஒரு வாரம் அவ நம்மகிட்ட நல்லா பேசினா. திரும்பிப் போனதும் பழையபடி.

டீச்சரைப் பத்தி நல்லதா ரெண்டு சொல்லுன்னா நான் இதைத்தான் சொல்வேன். அவங்க கணக்குல தப்பு போட்டா அடிக்க மாட்டாங்க. எந்த வரியில வழி தப்புச்சுன்னு நாமளே தேடி விரல் வைக்கணும். மணி அடிச்சாலும் விட மாட்டாங்க. வெளியே மாஷ் கிரவுண்டுல விசில் ஊதிட்டிருப்பார். அவருக்கு நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. எல்லாரும் 'எடோ'தான். ஆனா மத்தியானக் கஞ்சிக்கு யார் வரலன்னு அவருக்குத் தெரியும்.

இப்ப நான் பண்ணின வேலைக்கு வரேன். எட்டாங்கிளாஸ்ல முன் பெஞ்சுக்காரி என் வீடு எங்கன்னு கேட்டப்ப, சுள்ளிக்கல்லுன்னு சொன்னேன். மாடி வீடுன்னேன். அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலைன்னேன். நீங்க நாலு பேரும் பக்கத்துல இருந்தும் ஒண்ணும் சொல்லல. டீச்சர் காதுலயும் விழுந்துச்சு. அவங்க வீடும் சுள்ளிக்கல்லுல தான். 'அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வழி'ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னியில இருந்து சாயங்காலம் டீச்சர் போயி முடியட்டும்னு கேட் பக்கத்துல நின்னு நின்னு வருவேன்.

பத்தாங்கிளாஸ் ஜனவரியில டீச்சர்மாரு ஜோடி ஜோடியா வீடுகளுக்கு வருவாங்களே, ஞாபகம் இருக்கா. புள்ளைங்க எங்க உக்காந்து படிக்குது, லைட் இருக்கா, டிவி ஓடுதா, எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்குவாங்க. ரெஜிஸ்டர்ல இருக்கற விலாசத்துக்குத்தான் வருவாங்க, நம்ம பக்கம் அடுத்த வாரம்னு சொல்லியிருந்தாங்க. அம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல. அதுக்குள்ள எதாவது வழி கிடைக்கும்னு இருந்தேன்.

வியாழக்கிழமையே வந்துட்டாங்க. வெளிச்சம் போகல. நான் முத்தத்துல சல்லடையோட உக்காந்திருந்தேன். சந்து முனையில டீச்சரோட குடை, பின்னால மாஷ். எட்டாவது ரூம் அக்காகிட்ட என் பேரைச் சொல்லிக் கேக்கறது காதுல விழுந்துச்சு. நான் எந்திரிச்சு உள்ள ஓடினேன். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல சேலை கட்டித் தொங்க விட்டிருப்போம், அதுக்குப் பின்னால போயி நின்னுட்டு, "நான் இல்லைன்னு சொல்லும்மா"ன்னேன்.

இதுதான் உங்களுக்குத் தெரியாதது. அம்மா என்னை ஒளிச்சு வைக்கல. நானா ஒளிஞ்சேன்.

ஏன்னு கேக்க அம்மாவுக்கு நேரமில்ல. டீச்சர் வாசல்ல வந்து மோள் எங்கன்னு கேட்டாங்க. ஊருக்குப் போயிருக்கான்னுச்சு அம்மா. எப்ப வருவா? தெரியாது. மாடல் பரிட்சை வருதே? தெரியாது. டீச்சர் விடற ஆளா. பரிட்சை நேரத்துல ஒரு புள்ளைய எதுக்கு ஊருக்கு அனுப்பினீங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க.

வயசுக்கு வந்த பொண்ணைப் பத்தி யாராவது துருவிக் கேட்டா நம்ம லைன் பொம்பளைங்க ஒரு பதில் வச்சிருப்பாங்களே. கோடவுன் மேஸ்திரி கேட்டாலும் அதுதான், எதிர் ரூம் பையனோட அம்மா கேட்டாலும் அதுதான். தாய்மாமனுக்குப் பேசி வச்சிருக்கு. அதோட எல்லாரும் வாயை மூடிட்டுப் போயிடுவாங்க. பேசி வச்சிருக்கணும்னு கூட இல்ல, மாமன்னு ஒருத்தர் உலகத்துல இருந்தாப் போதும். அம்மாவும் பேச்சு முடிஞ்சாப் போதும்னு அதையே எடுத்து விட்டுச்சு.

"அவளை அவ மாமனுக்குப் பேசி வச்சிருக்கு டீச்சர். அங்கதான் இருக்கா."

டீச்சருக்குப் பேச்சு அங்கதான் ஆரம்பிச்சுச்சு. மலையாளத்தாளுங்களுக்குத் தாய்மாமன்னா அப்பன் மாதிரி, அவரைக் கட்டற வழக்கமே இல்லையே. சேலைக்குக் கீழ எனக்கு அவங்க செருப்பு மட்டும் தெரிஞ்சுச்சு, விரலெல்லாம் நம்ம முத்தத்துச் சுண்ணாம்பு. மாஷ்தான் முதல்ல வாயைத் திறந்தார். மாமன்னா யாரு, அம்மாவோட சொந்த ஆங்ஙளயா, கூடப் பொறந்தவனான்னு கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வியில தப்பே தெரியல. ஆமா, எனக்கு நேர் இளையவன்னு கொஞ்சம் பெருமையாவே சொல்லுச்சு. கம்பத்துல எந்த இடம்னு கேட்டதுக்கு அதையும் சொல்லுச்சு. செருப்பு நாலும் கொஞ்ச நேரம் அசையல. அப்புறம் போயிடுச்சு.

அம்மா திரையை விலக்கிட்டு என்னடின்னு கேட்டுச்சு. என்னை இப்படிப் பாத்துருவாங்கன்னேன். "இவ்வளவுதானா"ன்னு சொல்லி என் தலையைத் தட்டிவிட்டுச்சு. சுண்ணாம்பு அடுப்பு மேல கொட்டுச்சு. அதுக்குத்தான் திட்டுச்சு.

மறுநாள் ஸ்கூலுக்குப் போனா பொய் வெளிய வந்துரும். ஒரு நாள் கழிச்சுப் போலாம்னு இருந்தேன். ஒரு நாள் கழிச்சுப் போனா இன்னும் மோசம்னு தோணுச்சு. இப்படியே ஒரு வாரம். டீச்சர் உங்ககிட்ட கேட்டப்ப நீங்களும் ஆமா ஊர்லதான்னு தலையை ஆட்டினீங்க. அம்மா தினமும் காலையில, "வாடி, நானே வந்து சொல்றேன்"னு சேலையை மாத்திட்டு நிக்கும். நான் கட்டில் காலைப் புடிச்சுட்டு உக்காந்துக்குவேன். பரிட்சையே எழுத வேண்டாம், சல்லடை போதும்னு அந்த வாரத்துல முடிவே பண்ணிட்டேன். யாரும் என்னைத் தடுக்கல. நான்தான் வரல.

ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு பின்னால மாஷ் சொல்லித்தான் தெரியும். பதினஞ்சு வயசுப் புள்ளைக்குக் கல்யாணம்னா போலீஸுக்குச் சொல்லணும்னு ஹெட்மாஸ்டர் சொன்னாராம். டீச்சர், முதல்ல நான் என் புள்ளைய பாக்கறேன், போலீஸ் முன்னால போனா கேஸ் நடக்கும், பரிட்சை நடக்காதுன்னாங்களாம். ரெண்டாம் சனி லீவு. டீச்சருக்குத் தமிழ் தெரியாது, மாஷுக்குச் சினிமாத் தமிழ் தெரியும். ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள பஸ் ஏறினாங்க.

மிச்சம் நீங்க சிரிக்கிற இடம். குட்டிக்கானம் ஏத்தத்துல மாஷ் வாந்தி எடுத்தார். நம்மை வெயில்ல பத்து ரவுண்டு ஓட விடற மாஷ், டீச்சரோட குடையைப் புடிச்சுட்டு ரோட்டோரம் உக்காந்துட்டார். கம்பத்துல மாமா திராட்சைத் தோட்டத்துல மருந்து அடிச்சுட்டிருந்தார். மாஷ் போயி நேரா முன்னால நின்னு, "உண்மையைச் சொல். அந்தப் பெண் எங்கே?"ன்னார். மாமா எந்தப் பொண்ணுன்னு முழிச்சார். தோட்டத்துக்குள்ளயே இருக்கற வீட்டுல இருந்து அத்தை கரண்டியோட வெளிய வந்துச்சு. மாஷை ஒண்ணும் கேக்கல. மாமாவைத்தான் கேட்டுச்சு, "எந்தப் பொண்ணு?"

மாமாவுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. அதை அம்மா டீச்சர்கிட்ட சொல்லவே இல்ல. அரை மணி நேரம் அங்க ஒரே சத்தம். டீச்சர் நம்பாம வீட்டுக்குள்ள ஒவ்வொரு ரூமா பாத்தாங்களாம். அத்தையே கூட்டிட்டுப் போயி காட்டுச்சாம். மாமாவுக்குத்தான் அப்புறம் பயம் வந்துச்சு, புள்ள இங்க இல்லைன்னா எங்கன்னு. அம்மாவுக்குப் போன் போட்டார்.

அக்கா, புள்ள எங்கன்னார். இங்கதான் சலிச்சுட்டிருக்கான்னுச்சு அம்மா. மாமா போனை டீச்சர்கிட்ட குடுத்துட்டார். அம்மா இந்தப் பக்கம் என்கிட்ட நீட்டுச்சு.

நான் 'டீச்சர்'னு மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சற சத்தம் மட்டும். திட்டு வரும்னு காத்துட்டிருந்தேன். "திங்கக்கிழமை கணக்கு மாடல். உன் பேரை நான் வெட்டல. வா"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

இதைச் சிரிப்புக் கதையாச் சொல்றப்ப நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அந்தச் சனிக்கிழமை போனை வச்சுட்டு நான் சல்லடையத் தொடல. என்னைத் தேடி ஒருத்தங்க மலை ஏறி இறங்கிப் போயிருக்காங்க. அவங்க திரும்பி வர பஸ்ல இருப்பாங்க, இப்ப குமுளி, இப்ப முண்டக்கயம்னு ராத்திரி வரைக்கும் கணக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நான் டீச்சருக்குச் சொல்ற நன்றின்னா அது இந்த ஒரு நாளுக்குத்தான். அதுக்கப்புறம் வராம இருக்க முடியாது.

திங்கக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஸ்டாஃப் ரூம். அம்மா கதவு பக்கத்துல நின்னுச்சு. கை ரெண்டையும் முந்தானைக்குள்ள வச்சிருந்துச்சு, சுண்ணாம்புல வெடிச்ச கை. டீச்சர் மலையாளத்துலதான் பேசினாங்க, வேகமா. அம்மாவுக்குப் பாதி புரிஞ்சிருக்காது. எனக்கு முழுசும் புரிஞ்சுச்சு. படிக்கிற புள்ளைய வேலைக்கு உக்கார வச்சுட்டு ஒளிச்சும் வைக்கிறீங்க, சொந்தத் தம்பியவே பொய்யில இழுக்கிறீங்க, நீங்க ஒரு அம்மைதானான்னு கேட்டாங்க. மத்த டீச்சர்மாரு சோத்துப் பாத்திரத்தை மூடி வச்சுட்டுப் பாத்தாங்க. அம்மா ஒண்ணுதான் சொல்லுச்சு, "தப்பு என்னோடதுதான் டீச்சர்." இனி மகளை நிறுத்த மாட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துக் கேட்டாங்க. அம்மா தமிழ்ல போட்டுச்சு.

நான் பக்கத்துல நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். சொல்லல.

வெளிய வந்து கேட் பக்கத்துல கேட்டேன், ஏம்மா சொல்லலன்னு. அம்மாவுக்குக் கோவமே இல்ல. கோடவுனுக்கு நேரமாச்சுன்னு நடந்துட்டே சொல்லுச்சு. "டீச்சருக்கு உன் மேல ஒரு இது இருக்கு. அது கெட்டுப் போகக் கூடாது. என்னைப் பத்தி என்ன நினைச்சா என்ன, நானா பரிட்சை எழுதப் போறேன்?"

அப்புறம் ஒரு மாசம் டீச்சர் என்னைச் சாயங்காலம் விடல. மாஷோட ஸ்போர்ட்ஸ் ரூம்ல, காத்துப் போன பந்துங்களுக்கு நடுவுல உக்கார வச்சு கணக்கு. டீச்சர் நோட்டுத் திருத்தற நேரம் மாஷ் என்னைப் பாத்துக்குவார். அவருக்குக் கணக்கு வராது. கழுத்துல இருக்கற ஸ்டாப்வாட்சை அமுக்கிட்டு, 'எடோ, ஓடு'ன்னுவார். நான் ஒரு கணக்கு முடிச்சுக் கையைத் தூக்கினதும் நேரத்தைச் சுவத்துல சாக்பீஸால எழுதுவார். நேத்தைக்கு விட இன்னிக்குக் குறைஞ்சா கப்பைக்கிழங்கு வாங்கித் தருவார். விடை சரியா தப்பான்னு அவர் பாத்ததே இல்ல.

கணக்குல டி ப்ளஸ். பாஸ். ரிசல்ட் அன்னிக்கு டீச்சரே ப்ளஸ் ஒன் ஃபாரத்தை நிரப்பி வச்சிருந்தாங்க. நான்தான் போகல. அம்மாவுக்கு அப்பவே இருமல் ஆரம்பிச்சிருந்துச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தர் தூசியில இருந்து எந்திரிக்கணும்னு நினைச்சேன். அம்மா போ போன்னுதான் சொல்லுச்சு. டீச்சர் என்ன நினைச்சாங்கன்னா, கையெழுத்துப் போட்டுக் குடுத்தும் அம்மா பொண்ணை நிறுத்திடுச்சுன்னு. அதையும் நான் மாத்திச் சொல்லல.

மூணு வருஷம் முன்னால ஒரு நாள் எதிர் ரூம் புள்ள ஸ்கூல் விட்டு வந்து, எங்க டீச்சர் இன்னிக்கு ஒரு கதை சொன்னாங்கன்னு நம்ம முத்தத்துல உக்காந்து சொல்லுச்சு. கம்பம், மாஷ் வாந்தி, எல்லாம். அது நாங்கதான்னு அதுக்குத் தெரியாது. அம்மா சுக்கு பொறுக்கிட்டே முழுசும் கேட்டுச்சு. கடைசியில, "அப்படியும் ஒரு அம்மா இருப்பாளா"ன்னு அந்தப் புள்ளைகிட்ட கேட்டுட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. இருமல் வர வரைக்கும் சிரிச்சுச்சு. டீச்சர் ஒவ்வொரு ஜனவரிக்கும் பத்தாங்கிளாஸுக்கு அதைச் சொல்றாங்கன்னு அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அம்மா கடைசியில பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்துச்சு. நுரையீரல் காய்ஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னார். அழுகை எனக்கு அவ்வளவா வரல. காலையில எந்திரிச்சதும் இன்னும் ரெண்டு சாயா போட்டுடறேன். ஒண்ணைக் கீழ ஊத்தறேன்.

நேத்து டீச்சரைப் பாக்க சுள்ளிக்கல்லுக்குப் போனேன். எட்டாங்கிளாஸ்ல என் வீடுன்னு சொன்ன ஊர்ல அவங்க வீட்டுப் படியை நேத்துத்தான் முதல்முறையா மிதிச்சேன். அம்மா போனது டீச்சருக்குத் தெரியும். கையைப் புடிச்சு உக்கார வச்சாங்க. அவங்க அறியாமத்தான் செஞ்சாங்க மோளே, நான் அதையெல்லாம் மனசுல வைக்கலன்னு சொன்னாங்க. மனசாரத்தான் சொன்னாங்க. நான் அதுக்கு மேல சொல்ல விடல. இப்ப உங்களுக்கு எழுதினதை எல்லாம் வரிசையாச் சொன்னேன். ப்ளஸ் ஒன் வரைக்கும்.

டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டாங்க. பிறகு, "நான் அவங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல, அல்லே. நானே பேசிட்டிருந்தேன்"னாங்க.

"ஆமா டீச்சர்"னேன்.

எத்தனை கிளாஸ்ல சொல்லிட்டேன்னு அவங்களே முணுமுணுத்தாங்க. கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சாங்க. ஞாயித்துக்கிழமை மேடையில எல்லார் முன்னாலயும் உங்கம்மாகிட்ட மாப்பு கேக்கறேன்னாங்க. நான் வேண்டாம்னேன், அம்மாவுக்கு அதெல்லாம் கூச்சமா இருக்கும். கதையை மாத்திச் சொன்னாப் போதும்னேன். எப்படின்னு கேட்டாங்க. பொய் சொன்னது அம்மா, சொல்லச் சொன்னது நான், அதைச் சேத்துச் சொல்லுங்க டீச்சர்னேன்.

"அப்ப எல்லாரும் உன்னைத்தானே மோளே குத்தம் சொல்வாங்க."

"சொல்லட்டும் டீச்சர். நான்தான் பாஸாயிட்டேனே."